பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வேலியிட்டுக் காத்தால் மட்டும் தென்சென்னையின் வெள்ளமும் வறட்சியும் குறையுமா?

குறையாது. பள்ளிக்கரணை தனித்த நீர்நிலை அன்று. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து கலங்கல் தாண்டி வழியும் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் அனுப்பும் நீர்வழியின் தாழ்வான நடுப்பகுதி அது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2022-இல் கிடைத்த ராம்சார் தகுதி வரவேற்கத்தக்கதே என்றாலும், மேலேயுள்ள ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் அடைபட்டிருந்தால் அத்தகுதியால் பெரும்பயன் விளையாது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே மழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும் வாய்ப்பு பெருகுகிறது. 2015 டிசம்பரில் மூழ்கிய இதே நகரம், 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு தவித்ததை நாம் மறக்கலாகாது. கடல்மட்டம் உயர உயர முகத்துவாரத்தில் வடிகால் மந்தப்படும் என்பதால், கால்வாயை அகலப்படுத்தி வெள்ளத்தை விரைந்து வெளியேற்றும் திட்டத்தை மட்டும் நம்புவது தவறு. மழைநீரை மேலேயே தேக்கி நிலத்தில் இறங்கச் செய்வதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

தூர்வாருவதிலும் கவனம் வேண்டும். சதுப்புநிலம் முழுவதையும் குளம்போல ஆழப்படுத்தினால், ஆழங்குறைந்த நீரில் நடந்து இரைதேடும் பூநாரைகளுக்கும் உள்ளான்களுக்கும் அங்கே இடமிராது. பெருங்குடிக் குப்பைமேட்டிலிருந்து கசியும் கழிவுநீரையும், ஏரிகளில் கலக்கும் சாக்கடையையும் நிறுத்தாமல் நீரின் அளவை மட்டும் கூட்டினால், நிலத்தடிக்கு இறங்குவதும் அந்த அழுக்கு நீராகவே இருக்கும்.