செழித்த பயிரும் நோயும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். டைபாய்டு வந்து இப்போதுதான் தேறி வருகிறான். அந்தக் கிருமி ஊசி போன்ற ஒன்றால் நம் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துகிறது என்று படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அறிவில்லாத ஓர் உயிருக்கு இது எப்படிக் கைவந்தது? கடவுள் ஏன் இப்படிப் படைத்தார்? ஊசி இறங்காதபடி எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன கொடுக்கலாம்? முருங்கைக்கீரைச் சாறும் நெல்லிக்காயும் நாள்தோறும் கொடுக்கிறேன்.

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் தேறி வருவது அறிந்து ஆறுதல் அடைந்தேன். கடவுளைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அறிவைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு: கிருமி நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் அடிப்பாகமும் இந்த ஊசியின் அடிப்பாகமும் ஒரே குடும்பத்துப் புரதங்களால் ஆனவை. இதைப் பரிணாமம் செய்தது. கிருமி யோசித்துச் செய்யவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. எதிர்ப்புச் சக்தி என்பது உடலுக்குள் ஏதோ ஓர் அளவில் இருப்பது போலவும், சாறு ஊற்றினால் அது ஏறும் என்பது போலவும் படித்தவர்களே பேசித் திரிகிறார்கள். நீங்களும் அதை நம்பலாமா? டைபாய்டு கிருமியின் நெருங்கிய உறவான சால்மொனெல்லா டைபிமியூரியத்தில் இந்த ஊசியமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு 1998-ல் வெளியிட்டார்கள். அதன் உட்துளையின் அகலம் ஏறக்குறைய இரண்டு மூன்று நானோமீட்டர்தான். நூல்கண்டு ஊசிக்காதில் நுழையாது, நூலாகப் பிரித்தால்தான் நுழையும். அவ்வாறே மடிந்திருக்கும் புரதம் அவிழ்க்கப்பட்டு, துளை வழியே சென்று, நம் செல்லுக்குள் மறுபடி மடிந்துகொள்கிறது. உள்ளே போனதும் அது செல்லைக் கொன்றுவிடுவதில்லை. சாப்-இ என்ற புரதம், செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் இழைகளை முடுக்கிவிட, செல்லின் சவ்வு அலையாக எழுந்து கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூடவே செலுத்தப்பட்ட எஸ்பிடிபி என்ற மற்றொரு புரதம், சாப்-இ விரைவில் சிதைக்கப்பட்ட பிறகும் நிலைத்திருந்து, எழுந்த சவ்வைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. இங்கே கிருமிக்கு உதவுவது நலிந்த செல் அல்ல, ஒழுங்காக வேலை செய்யும் செல். அப்படிப்பட்ட செல்லை இன்னும் ஊட்டமாக்கி எதைத் தடுக்கப் போகிறீர்கள்?

என் தந்தையார் காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா பயிரிட்டவர். ஒரு வடகிழக்குப் பருவத்தில், காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு, பிபிடி 5204 என்ற சம்பா மசூரி நெல்லின் இலைகள் நுனியிலிருந்து ஓரங்களின் வழியே மஞ்சளாகி வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே வந்தன. பயிருக்குச் சத்துப் போதவில்லை என்று எண்ணி, கடன் வாங்கி, யூரியாவை மேலுரமாக இட்டார். பயிர் கரும்பச்சையாகச் செழித்தது. அந்தச் செழிப்பிலேயே நோயும் வயல் முழுவதும் ஏறியது. அது பாக்டீரியா இலைக்கருகல் என்பதும், யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் அது முற்றும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்திகள். பிள்ளைக்குச் சாறு பிழியும் உங்கள் அன்பில் அவருடைய அதே பதற்றத்தைக் காண்கிறேன், அதனால்தான் எனக்குக் கோபமும் வருகிறது.

அந்த நெற்கிருமியிடமும் இதே வகை ஊசியமைப்பு இருக்கிறது. அது செலுத்தும் சில புரதங்கள் நெற்செல்லின் உட்கருவுக்கே சென்று, கிருமிக்கு உணவாகும் சர்க்கரையைச் செல்லிலிருந்து வெளியே விடும் மரபணுவின் முன்பகுதியில் ஒட்டி, அதை இயக்கிவிடுகின்றன. எக்ஸ்ஏ-13 என்ற எதிர்ப்பு மரபணுவைக் கொண்ட நெல்லில் அந்த முன்பகுதியின் டி.என்.ஏ. எழுத்து வரிசை சற்று மாறியிருப்பதால், அதற்கென வந்த புரதத்துக்கு ஒட்ட இடமில்லை. ஊசி இறங்குகிறது, புரதமும் உள்ளே வருகிறது, ஆனால் சர்க்கரை வெளியேறுவதில்லை. அந்த நெல் மற்றதைவிட வலுவானது என்று சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது? ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 ஆகிய மூன்றையும் பிபிடி 5204-இல் கலப்பின முறையில் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-ல் வெளியானது. மூன்றில் எக்ஸ்ஏ-21 வேறு விதம். அது கிருமியை அடையாளம் கண்டு பயிரின் தற்காப்பைத் தூண்டுகிறது. ஆயினும் மூன்றுமே குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட விடைகள். பொதுவாக எல்லாவற்றையும் எதிர்க்கும் சக்தி அவற்றில் எதிலும் இல்லை.

பட்டினி கிடக்கும் உடல் எந்த நோயிலும் கூடுதலாகத் துன்பப்படும் என்பதை நான் மறுக்கவில்லை. முருங்கைக்கீரை நல்ல உணவு, உணவாகவே கொடுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தவிடாமல், சொன்ன நாள்வரை விழுங்க வையுங்கள். கிருமி பித்தப்பையில் தங்கிவிடக்கூடும் என்பதால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவன் பிறருக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்த டைபாய்டு இணைப்புத் தடுப்பூசி அவனுக்கும் அவன் அறைத்தோழர்களுக்கும் ஏற்றதா, எப்போது போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். பிறகு ஒரு நாள் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறிப் போய், விடுதியின் குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று காப்பாளரிடம் விசாரியுங்கள். பதில் சொல்லும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.