எம்.சி.ஏ. படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்; மாத வருமானம் 22,000 ரூபாய். பி.சி.ஏ. முடிக்கப்போகும் மகளுக்குச் சென்னையில் 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவளோ எம்.சி.ஏ. படிக்க விரும்புகிறாள். விடுதியோடு சேர்த்து 4 லட்சம் ஆகுமாம். கடன் வாங்கலாமா?

பதில்: எம்.சி.ஏ. சேர்க்கைக்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, கலந்தாய்வு வழியாக நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக வாங்கவே வாங்காதீர்கள்.

எம்.சி.ஏ. இப்போது இரண்டாண்டுப் படிப்புதான் என்றாலும், அந்த 24 மாதச் சம்பளமான 4.32 லட்சத்தையும் செலவோடு சேர்த்தால் கணக்கு 8.32 லட்சமாகிறது. படித்த பின் மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அதை மீட்க ஏறக்குறைய ஏழாண்டுகள் ஆகும். ஆனால் சென்னையில் வாடகையும் சாப்பாடும் போக 18,000-இல் மிஞ்சுவது சொற்பமே என்பதால், உண்மையான இழப்பு இதைவிடக் குறைவு. மேலும், மென்பொருள் நிறுவனங்கள் பலவும் பி.சி.ஏ. பட்டதாரிகளைக் குறைந்த சம்பளத்தில் தனியாக எடுத்துக்கொண்டு, எம்.சி.ஏ. முடித்தவர்களைப் பொறியியல் பட்டதாரிகளோடு சேர்த்தே தேர்வு செய்கின்றன. நாற்பதாண்டு உழைக்கப்போகிற பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிது என்பது என் உறுதியான கருத்து.

கடனில் நீங்கள் கவனிக்க வேண்டியது வட்டி மானியம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, தொழில்முறைப் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசே செலுத்தும் திட்டம் இருக்கிறது. கல்லூரி, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று பெற்றிருப்பதோ, படிப்பு தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பெற்றிருப்பதோ இதற்கு அவசியம். இளநிலைப் படிப்புக்கு ஏற்கெனவே இம்மானியம் பெற்றிருந்தால் மீண்டும் கிடைக்காது. பத்து சதவீத வட்டியில் 4 லட்சத்தை ஏழாண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். மானியம் கிடைக்காமல் மூன்றாண்டு வட்டியும் அசலோடு சேர்ந்தால் அது 8,600-ஐத் தாண்டக்கூடும். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும்.

கலந்தாய்வில் நல்ல இடம் அமையாவிட்டால், கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.சி.ஏ.வில் சேரட்டும், அந்தப் பட்டமும் செல்லும், கடனும் தேவைப்படாது. எப்படியானாலும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.