தோற்றபின் காயத்தைச் சொல்லும் டென்னிஸ் வீரர்களை ரசிகர்கள் ஏன் நம்புவதில்லை?

2010 விம்பிள்டன் காலிறுதியில் பெர்டிச்சிடம் தோற்ற ஃபெடரர், முதுகும் காலும் வலித்ததாகச் சொன்னார். ஜெயித்தவரின் பெருமையைக் குறைக்கிறார் என்ற பேச்சு உடனே கிளம்பியது. ரசிகர்களை உறுத்துவது அதுதான்.

ஆனால் காயத்தைக் கண்ணால் பார்த்தாலும் அவர்கள் சட்டென்று நம்பிவிடுவதில்லை. 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் நடால் முதுகுக்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பியபோது அரங்கமே கூச்சலிட்டது. அவருடைய சர்வ் வேகம் அப்படியே விழுந்துவிட்டிருந்தது. தோற்றபின் தன் முதுகைப் பற்றிப் பேச விரும்பாமல், ஜெயித்த வாவ்ரிங்காவைப் பாராட்டினார். மரியாதை கூடியது.

2025 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் ஒரு செட்டோடு விலகிய ஜோகோவிச்சுக்கும் அதே கூச்சல். தொடைத் தசை கிழிந்ததைக் காட்ட எம்ஆர்ஐ படத்தையே வெளியிட்டார். தோற்றவரும் செய்தியாளர்களைச் சந்தித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கேட்டதற்கு உண்மையைச் சொன்னவரைச் சாக்குச் சொல்கிறார் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.