கைபிடித்து நடக்கப் பழக்கினவர்

கேள்வி: வேதாகமத்தை வாசித்துத் தேவனுடைய அன்பை உண்மையாகவே புரிந்துகொள்ள முடியுமா? அவரை ‘அறிவது’ என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் என்ன?

முடியும் என்பதே என் பதில். ஆனால் அது எனக்குக் கைகூட நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் நான் வேதாகமம் வாசித்து வந்தவன்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தேன். ஞாயிறு பள்ளியின் மனப்பாட வசனப் போட்டிகளில் ஆண்டுதோறும் பரிசு வாங்கியிருக்கிறேன். யோவான் 3:16-ஐ ஒரே மூச்சில் சொல்லுவேன். “தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்ற வசனம் எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அது 1 யோவான் 4:8-இன் பின்பாதி என்பதும், முன்பாதி “அன்பில்லாதவன் தேவனை அறியான்” என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அந்த முன்பாதி என்னைக் குறித்தும் சொல்லப்பட்டதாக இருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, காலையும் மாலையும் அவர்களை நடக்கவைக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி பலவீனமான பக்கத்தில் நின்று, ஒரு கையால் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அப்பாவின் கையைத் தாங்குவேன். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினான்கு அடிதான் இருக்கும். தொடக்க வாரங்களில் அதைக் கடக்கக் கால்மணி நேரம் பிடித்தது. அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகன் கைபிடித்து நடத்துவதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நாலு எட்டு வைத்ததும் என் கையை உதறிவிடுவார்கள். உதறியதும் நான் கையை எடுத்துவிடுவேன். ஆனால் இரண்டு விரற்கடை தள்ளி, மேலே படாமல், அந்தக் கை அவர்களோடு கூடவே போய்க்கொண்டிருக்கும். அது அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஓர் இரவு, தினசரி வாசிப்பின் வரிசையில் ஓசியா 11-ஆம் அதிகாரம் வந்தது. மூன்றாம் வசனத்தை வாசித்தபோது அதற்கு மேல் வாசிக்க முடியாமல் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். “நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன், ஆனாலும் நான் தங்களைக் குணமாக்குகிறவரென்று அறியாமற்போனார்கள்.” அன்று மாலையில்தான் அப்பா என் கையை மூன்று முறை உதறியிருந்தார்கள். கோபம் எனக்கு வரவில்லை. விழுந்துவிடுவார்களோ என்ற பயம் மட்டுமே இருந்தது. உதறப்பட்ட கையின் பக்கத்திலிருந்து அந்த வசனத்தை நான் வாசித்தது அதுவே முதல் முறை. அதுவரை தேவனுடைய அன்பு என்று நான் சொல்லிவந்தது ஒரு கோட்பாட்டை. அன்று அதற்கு ஒரு கை இருப்பதைக் கண்டேன்.

ஓசியா தீர்க்கதரிசி வாழ்ந்த காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. எப்பிராயீம் என்று அவர் அழைப்பது வட ராஜ்யமாகிய இஸ்ரவேலை. இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் நாட்டில் செல்வம் பெருகியிருந்தது. மழையையும் விளைச்சலையும் கொடுப்பவன் பாகால் என்று நம்பி ஜனங்கள் அவனைத் தொழுதார்கள். அத்தகைய காலத்தில் தேவன் ஓசியாவுக்குக் கொடுத்த ஊழியம் அவருடைய குடும்ப வாழ்க்கையையே பிளந்து காட்டுவதாக இருந்தது. மனைவி கோமேர் துரோகம் செய்கிறாள். மூன்றாம் அதிகாரத்தில், துரோகம் செய்த ஒருத்தியை மறுபடியும் நேசிக்கும்படி அவருக்குக் கட்டளை வருகிறது. அவள் கோமேரே என்றுதான் பெரும்பாலோர் கொள்கிறார்கள், நானும் அப்படியே வாசிக்கிறேன். 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஓசியா அவளை மீட்டுக்கொள்கிறார். அடிமை ஒருவனுக்கு ஈடாக மோசேயின் நியாயப்பிரமாணம் குறித்த தொகை 30 வெள்ளி. கையில் பாதிதான் இருந்தது, மீதிக்கு வீட்டுத் தானியத்தை அளந்து கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. வசனம் அதை விளக்கவில்லை. ஆனாலும் அந்த வாற்கோதுமையை நான் வெறும் விவரமாகக் கடந்துபோக முடியவில்லை; வீட்டில் இருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு போன ஒருவருடைய நடை அதில் தெரிகிறது.

பழைய ஏற்பாட்டுத் தேவன் கோபக்காரர், புதிய ஏற்பாட்டில்தான் அன்பு வருகிறது என்று சொல்பவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அவர்களோடு வாதாடுவதைவிட ஓசியா 11:8-ஐ உரக்க வாசித்துக் காட்டுவதே மேல் என்பது என் அனுபவம். “எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?” என்று தொடங்கி, “என் இருதயம் எனக்குள் குழம்புகிறது” என்று தேவனே சொல்லுகிறார். அடுத்த வசனத்தில், தமது உக்கிர கோபத்தின்படி செய்யமாட்டேன் என்பதற்கு அவர் கொடுக்கும் காரணம் “நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்” என்பது. மன்னிக்காமற்போவது மனிதருக்குரியது, பொறுப்பதே தேவத்தன்மை என்று அவரே சொல்லும்போது, கோபத்தை அவருடைய இயல்பாகவும் இரக்கத்தை விதிவிலக்காகவும் எண்ணி வளர்ந்த என் மனம் தலைகீழாகத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கி.மு. 722-இல் வட ராஜ்யத்தின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது. தேவன் அப்படிக் கதறிய பின்பும் ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள். அவருடைய அன்பு நம்மை விளைவுகளிலிருந்து எப்போதும் தப்புவிக்கும் என்று வேதாகமம் வாக்குக் கொடுக்கவில்லை; விளைவுகளின் நடுவிலும் அவர் நம்மைவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதில்லை என்றே அது சாட்சி சொல்லுகிறது. அப்பாவின் வலது கை இன்றுவரை முழுமையாக எழும்பவில்லை. அதனால் இதைப் புத்தக அறிவாக நான் எழுதவில்லை.

இனி, ‘அறிவது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். “ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்” என்று ஆதியாகமம் 4:1 சொல்லுகிறது. சிறுவயதில் அந்த வசனம் எங்களுக்குப் புரியாது; பெரியவர்கள் வேகமாக அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்கள். எபிரெய மொழியில் அங்கே வரும் ‘யாதா’ என்ற வினைச்சொல்லின் வழியில் வந்த சொற்களாலேயே தேவனை அறிவதையும் ஓசியா பேசுகிறார். ஒருவரைப் பற்றிய செய்திகளைச் சேர்த்துவைப்பதற்கும், ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவருடைய மௌனத்தின் பொருள்கூடத் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. “தேசத்திலே உண்மையும் இல்லை, இரக்கமும் இல்லை, தேவனை அறிகிற அறிவும் இல்லை” என்று ஓசியா 4:1 குற்றஞ்சாட்டியபோது, அந்த நாட்டில் பலிபீடங்களுக்கோ ஆசாரியர்களுக்கோ குறைவு இருக்கவில்லை. வசனம் மனப்பாடமாக இருந்த நாற்பது ஆண்டுகளும் எனக்கு இல்லாதிருந்தது இந்த அறிவுதான். யோபு தன் துன்பத்தின் முடிவில், “என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது” என்கிறான். கேள்விப்பட்டது பொய்யல்ல, அது அதுவரைதான் போகும்.

அப்படியானால் இந்த அறிவுக்கு வாசிப்பு தேவையில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை; ஆனால் வாசிக்கும் வேகத்தை மாற்ற வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாமல், அங்கே இருக்கும் பொருள்களையும் ஆட்களின் அசைவுகளையும் பார்த்து வாசிக்க வேண்டும். யோவான் 18:18-இல் பிரதான ஆசாரியனுடைய அரண்மனை முற்றத்தில் ஊழியக்காரர் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். இயேசுவின் சீஷனாகிய பேதுரு அவர்களோடு நின்று, அவருடைய சீஷன் நான் அல்ல என்று மறுதலிக்கிறான். 21:9-இல், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷருக்காகக் காத்திருக்கிறார். அவர்கள் கரையிறங்கும்போது அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் இருக்கின்றன. கிரேக்க மூலத்தில் ‘கரிநெருப்பு’ என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. கரிப்புகையின் வாசனையில் பேதுருவுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இயேசு அந்த நெருப்பின் பக்கத்திலேயே அவனை உட்காரவைத்து, முதலில் சாப்பாடு கொடுத்து, அதன் பிறகு மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை “என்னை நேசிக்கிறாயா” என்று கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்பு என்ற சொல்லுக்கு நூறு விளக்கம் படிப்பதைவிட அந்தக் காலை உணவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அதிகம் கற்பித்தது.

இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் “இயேசு கண்ணீர் விட்டார்” என்று யோவான் 11:35 சொல்லுகிறது. அதைக் கண்டவர்கள், இதோ, இவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். அன்புக்கு அடைக்குந்தாழ் இல்லை, அன்புடையாரின் சிறு கண்ணீரே அதை ஊரறியச் செய்துவிடும் என்ற குறளைப் பள்ளியில் படித்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டு வசனங்களுக்கும் உரை தேவைப்படாது. சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போகிறவனுக்காக அவர் அழுதார் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிதலின் இன்னொரு பக்கம் எனக்குக் கசப்பாகவே வந்தது. எரேமியா 22-ஆம் அதிகாரத்தில், கேதுரு மரப்பலகை பதித்து விசாலமான வீடு கட்டிக்கொண்டு வேலைக்காரருக்குக் கூலி கொடாமற்போன யோயாக்கீம் ராஜாவிடம் தேவன் அவன் தகப்பனாகிய யோசியாவை நினைப்பூட்டுகிறார். யோசியா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். “அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு” என்று கேட்கிறார். அப்பாவைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருந்துச் செலவு அதிகமான ஒரு மாதம், கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், அவர்களுடைய சம்பளத்தைப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த அக்கா வாய்திறக்கவில்லை. பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்துக்காகப் பக்கத்து வீட்டில் கடன் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஓசியாவை வாசித்து அழுதவனும் நானே. அந்தச் சம்பளத்தை நிறுத்தினவனும் நானே. மறுநாள் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். தேவனை அறிகிறேனா என்ற கேள்வியை அதற்குப் பிறகு என் ஜெப நேரத்தை வைத்து மட்டும் அளப்பதில்லை. மாதத்தின் முதல் தேதியையும் சேர்த்து அளக்கிறேன்.

நீங்கள் தொடங்க விரும்பினால், ஓசியா 11-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். 12 வசனங்கள்தான். வாய்விட்டு வாசியுங்கள், பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லூக்கா 15-க்குப் போய், வீட்டைவிட்டுப் போன இளைய மகன் திரும்பித் தூரத்தில் வரும்போதே அவனைக் கண்டு ஓடுகிற தகப்பனையும், வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கும் மூத்த மகனிடமும் அதே தகப்பன் வெளியே வந்து கெஞ்சுவதையும் பாருங்கள். என்னைப் போலச் சபைக்குள்ளேயே வளர்ந்தவர்கள் இளையவனைவிட மூத்தவனிடமே தங்களை அதிகமாகக் காண்பார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றும் தோன்றாத நாட்களும் வரும். “கர்த்தரை அறியும்படி தொடர்ந்து போவோம்” என்று ஓசியா 6:3-இல் இருக்கிறது. அந்த ‘தொடர்ந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாளும் வாசியுங்கள்.

136-ஆம் சங்கீதத்தைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகின்றன. எபிரெயத்தில் அங்கே உள்ள ‘ஹெசெத்’ என்ற சொல், உடன்படிக்கை செய்துகொண்டவர் எதிர்த்தரப்பு தவறினாலும் தாம் தவறாமல் நிற்கும் அன்பைக் குறிப்பது. பக்கவாதம் வந்து ஐந்தாம் மாதம், ஓர் இரவு குடும்ப ஜெபத்தில் அம்மா ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியையும் வாசிக்க, நாங்கள் பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவரை அப்பாவால் என் பெயரைக்கூடச் சொல்ல முடியாதிருந்தது. எமோரியரின் ராஜாவாகிய சீகோனும் பாசானின் ராஜாவாகிய ஓகும் வருகிற வசனங்கள் கடந்துபோயின. 23-ஆம் வசனத்தில், “நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள்” என்று வாசித்துவிட்டு அம்மா குரல் அடைத்து நின்றுவிட்டார்கள். நாங்களும் சொல்ல மறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நாற்காலியிலிருந்து, குழறலாக, ஆனால் ஒரு சொல்லும் விடாமல், “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று அப்பா சொன்னார்கள்.