கடற்படைத் தளத்தின் வாயிலில் நின்ற நாளும் எங்கள் ஒழுங்கையின் கொங்கிறீட் வீதியும்

"2022 ஆம் ஆண்டு ராஜபக்சக்களைப் பதவியிலிருந்து இறக்கிய அரகலயவில் வடக்கு கிழக்குத் தமிழர்கள் ஏன் முழுமனதோடு சேரவில்லை? அந்தப் போராட்டத்தால் உங்கள் ஊரில் ஏதாவது மாறியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். உள்ளூராட்சி மன்றமொன்றின் கணக்குக் கிளையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரண்டு கேள்விகளுக்கும் என் ஊரையும் என் தொழிலையும் வைத்தே பதில் சொல்ல முடியும்.

போராட்டம் நடந்த கொழும்புக் காலிமுகத்திடலை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஆனால் அந்தப் போராட்டம் ஒரு நாள் எங்கள் ஊர் வாசலுக்கே வந்தது. 2022 மே 9 ஆம் திகதி கொழும்பில் ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். அதனால் நாடே கொந்தளிக்க, பிரதமராக இருந்த மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். மறுநாள் அவர் குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டு வரப்பட்டிருக்கிறார் என்ற செய்தி பரவியது. நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் இருந்தும் தளத்தின் வாயிலுக்கு முன்னால் மக்கள் கூடினார்கள். மனைவி தடுத்தும் கேளாமல் நானும் போனேன்.

அங்கே கந்தளாயிலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள இளைஞர் என் அருகில் நின்றார். அவருடைய தகப்பன் வயற்காரர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தியபோது அவர்களுடைய விளைச்சல் பாதியாகக் குறைந்துவிட்டதாம். உடைந்த தமிழில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அங்கிள், 2009 இல எங்கட தெருவில பாற்சோறு குடுத்தாங்க. நான் சின்னப் பிள்ளை, ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டன்." போர் வெற்றியைக் கொண்டாடித் தெற்கில் கொடுத்த பாற்சோறு அது. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தமிழர்கள் ஏன் தயங்கினார்கள் என்ற உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தப் பாற்சோற்றில் இருக்கிறது. பொறுப்புக்கூறல் என்ற சொல் எங்களுக்கு 2022 இல் வந்த சொல் அல்ல. 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று படைத்தரப்பினரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் எங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வெயிலிலும் மழையிலும் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தபோது தெற்கிலிருந்து மிகச் சிலரே வந்து பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளின் கணக்கைக் கேட்டபோது வராதவர்கள் எரிவாயு வரிசை நீண்டதும் எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தில் முகம் பதிந்தால் பிறகு புலனாய்வுக்காரர் வீடு தேடி வருவார்கள் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சம் அனுபவத்தால் வந்தது.

ஆனாலும் 2022 மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சியும் வழங்கப்பட்டபோது, இதே திடலில் இப்படியும் ஒரு நாள் வருமா என்று நான் வியந்து அழுதேன். அது எல்லாருடைய மனத்தையும் மாற்றிவிடவில்லை. என் மனத்தில் ஒரு கதவைத் திறந்தது.

ஊழல் என்றால் பெட்டியில் பணம் கைமாறுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குக் கிளையில் இருந்தவனுக்கு அது வேறு மாதிரித் தெரியும். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான விசேட வரியை 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடையில் சீனி அந்த அளவுக்கு மலியவில்லை. அரசாங்கம் இழந்த வருமானமோ ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய். அதற்கு முன்னரே, 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்திருந்தார்கள். எல்லாம் முறையான கையொப்பத்தோடும் வர்த்தமானியோடும் நடந்தவை. வருமானம் குறைந்து நாடு நெருக்கடியில் விழுந்தபோது, அவற்றின் விலையைக் கடைசியில் கொடுத்தவர்களில் திருக்கடலூரில் படகு வைத்திருக்கும் என் மச்சானும் ஒருவர். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்ற மாவட்டத்தில், வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மாதக்கணக்கில் கரையில் கிடந்தன. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. மச்சான் இரண்டு வலைகளை விற்றார்.

சிறிய அலுவலகத்திலும் இதே நடைமுறைதான். ஒரு வேலைக்கு மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்பது விதி. மூன்றும் வரும். மூன்று வெவ்வேறு கடிதத் தலைப்புகள், மூன்று முத்திரைகள், ஆனால் எண்களை எழுதிய கை ஒன்றாக இருக்கும். ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்குக் கோடு போடும் ஒருவருடைய கையை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். கோப்பில் குறிப்பு எழுதினேன். கணக்காய்விலிருந்து ஐயவினாவும் வந்தது. "இனிவரும் காலங்களில் கவனத்திற் கொள்ளப்படும்" என்று ஒரு வரிப் பதில் போனது. அத்தோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது. அந்த ஒரு வரிப் பதிலைத் தட்டச்சுச் செய்தவனும் நான்தான். அது என்னை இன்றும் உறுத்துகிறது.

மாற்றம் வந்ததா என்றால், மேலே சில வந்தன. 2022 ஜூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமானது. ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ச மாலைதீவு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் அங்கிருந்து பதவி விலகினார். 2023 இல் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்றும், அவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவுக்கு அப்பால் இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை. என்றாலும், ஆட்சியாளரின் முடிவுக்கும் ஒரு குடிமகனின் வெறுங்கலத்துக்கும் உள்ள தொடர்பை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எழுத்தில் வைத்ததை நான் சிறிதாக எண்ணவில்லை. 2024 நவம்பரில் ஊழல் ஒழிப்பை முன்வைத்த தேசிய மக்கள் சக்தி நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159 ஐ வென்றது. எங்கள் மாவட்டத்தின் நான்கில் இரண்டும் அவர்களுக்கே போயின. தமிழர்களும் வாக்களித்தார்கள். பணத்துக்குப் பொறுப்புக் கேட்கும் அரசு உயிருக்கும் பொறுப்புக் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் நான் வாக்களித்தேன். உயிருக்கான பொறுப்பு என்ற அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கீழே நடந்த மாற்றத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் வீதி போட்டார்கள். முதல் மாரியிலேயே அது வெடித்தது. முன்பென்றால், "யாரோடு கதைத்து என்ன பயன்" என்று கதவைச் சாத்திக்கொண்டிருப்போம். இந்த முறை பக்கத்து வீட்டுத் தம்பியின் மகள், கல்வியியற் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, "பெரியப்பா, தகவல் கேட்டு எழுதுவோம்" என்று வந்தாள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எங்களிடம் முன்பே இருந்தது. அலுவலகத்தில் இருந்தபோது அதற்கு எப்படிப் பதில் சொல்லாமல் தவிர்ப்பது என்றே எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இப்போது நான் மறுபக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். விலைமனுக்கள், அளவீட்டுப் பதிவு, கொடுப்பனவு வவுச்சர் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டோம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தோம். அதன் பிறகுதான் பிரதிகள் வந்தன.

கடதாசியில் வீதியின் நீளம் 210 மீற்றர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எல்லாம் வாசலில் நின்று பார்க்க, பிள்ளைகள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 174 மீற்றர்தான் இருந்தது. ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்பதால், எங்கள் கடிதம் போன மூன்றாம் மாதத்தில் மிச்சத் தூரத்தைப் போட்டார்கள். வெடிப்பையும் பூசினார்கள்.

ஆனால் விலைமனுப் பிரதிகளைப் பார்த்தபோது நான் சற்று நேரம் பேசவில்லை. மூன்று தலைப்புகள், மூன்று முத்திரைகள், குறுக்குக் கோடு போட்ட ஏழு. பிள்ளைக்கு அதைக் காட்டினேன். வேலைக்காலத்தில் நான் எழுதிய குறிப்புகளைப் பற்றியும், தட்டச்சுச் செய்த அந்த ஒரு வரிப் பதிலைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று பிரதிகளையும் இணைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதினோம். முதல் கையொப்பத்தை நான் வைத்தேன், எங்கள் ஒழுங்கையில் பதினொரு பேர் தொடர்ந்து வைத்தார்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு என் மேசை இலாச்சியில் இருக்கிறது.