லீக்ஸ் பாத்தியில் வருகிற சின்னப் பாம்பு

கேள்வி: அண்ணே, அமெரிக்கப் பாலைவனத்தில் மணலுக்குள்ளேயே நீந்தித் திரிகிற ஒரு சின்னப் பாம்பை டிவியில் காட்டினார்கள், ஆளுக்கு ஒன்றும் செய்யாதாம். எங்கள் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியைக் கொத்தும்போதும் பென்சிலை விடக் கொஞ்சம் தடிப்பாக மண்ணிறப் பாம்புகள் வருகின்றன. விரியன் குட்டி என்று மாமா மம்பட்டியால் வெட்டிப் போடுகிறார். இதுவும் அந்தச் சாதியா? விஷம் உண்டா?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: முதலில் மாமாவிடம் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், தங்கச்சி. நீங்கள் சொல்கிற அளவு, நிறம், இடம் எல்லாவற்றையும் பார்த்தால் அது பெரும்பாலும் சிங்களத்தில் மெடில்லா என்கிற பாம்புதான். விஷமில்லை, கையில் எடுத்தால்கூடக் கடிக்காமல் விரலைச் சுற்றி நழுவப் பார்க்கும். மண்புழுதான் அதன் சாப்பாடு, அதனால்தான் ஈர மண்ணிலும் மாட்டெருக் குவியலிலும் உக்கிய மரத்தடியிலும் கிடக்கிறது. மெடில்லா வகைகள் இலங்கையை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் தாராளமாக இருப்பதால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை.

டிவியில் வந்தது மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் இருக்கிற பாம்பாக இருக்கும். சவல் போலத் தட்டையான மூக்கு, மணல் வாய்க்குள் போகாதபடி உள்ளே ஒதுங்கிய கீழ்த்தாடை, மூக்குத் துவாரத்தை அடைக்க உள்ளே ஒரு தடுப்பு, வழுவழுப்பான செதில், இவ்வளவும் இருப்பதால்தான் காய்ந்த மணலில் அப்படிப் போகிறது. இராத்திரியில் வெளியே வந்து தேள், பூச்சி பிடிக்கும். அதே பக்கத்தில் இன்னொரு சின்னத் தரைப் பாம்பும் உண்டு, ஒன்று வெறும் மண்ணிறம், ஒன்று கறுப்பு வளையம், இன்னொன்று முதுகில் சிவப்புக் கோடு, பார்த்தால் மூன்று சாதி என்பீர்கள், எல்லாம் ஒரே இனம்தான். நம்முடையதற்கும் இவற்றுக்கும் நெருங்கிய சொந்தம் இல்லை, மண்ணுக்குள் பிழைப்பதால் வந்த ஒற்றுமைதான்.

சரி, விரியனை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மெடில்லாவுக்குத் தலையும் கழுத்தும் ஒரே தடிப்பு, கண் பொடி, உடம்பு மினுங்கும். பொலொன் தெலிஸ்ஸா என்கிற விரியனுக்குத் தலை அகலம், கழுத்து ஒடுக்கம், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும், சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். ஆனால் தலையை மட்டும் நம்பாதீர்கள், கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கரவலாவுக்கும் தலை ஒடுக்கம்தான், அது கடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் எது வந்தாலும் கையால் தொடாமல், நீளத் தடியால் தள்ளி வேலியோரம் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தப்பித்தவறி எது கடித்தாலும் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொலொன் தெலிஸ்ஸா கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வீக்கம்தானே என்று லயத்திலேயே வைத்துப் பச்சிலை கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.