டானிக்கை நிறுத்தினால் ரத்தம் குறைகிறதே, ஏன்?

"மகனுக்கு 6 வயது. ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. 3 மாதம் இரும்புச்சத்து டானிக் கொடுத்ததில் 10.8 ஆனது. நிறுத்திய 2 மாதத்தில் மறுபடி 7.6. வெள்ளை அணு, தட்டணு சரியாக உள்ளன. மண் தின்கிறான், தூக்கத்தில் பல் கடிக்கிறான். போன மாதம் கழுவிவிடும்போது மலம் கருஞ்சிவப்பாக இருந்தது. பீட்ரூட் சாறு கொடுத்ததால்தான் என்று விட்டுவிட்டேன். நெட்டில் ரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது."
– வாசகி, நெல்லிக்குப்பம்

ரத்தப் புற்றுநோய்க்கான அடையாளம் இதில் இல்லை, அம்மா. அது இருந்தால் வெள்ளை அணுவோ தட்டணுவோ பெரும்பாலும் தடுமாறியிருக்கும். டானிக்குக்கு ரத்தம் இப்படி ஏறியும் இருக்காது. நெட்டை மூடி வையுங்கள். மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவால் வருவது, சத்து ஏறினால் நின்றுவிடும். பல் கடிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை அந்தக் கருஞ்சிவப்பு மலம்தான். டானிக் உடம்பில் சேர்கிறது, ஆனால் நிறுத்தியதும் இவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றால், ரத்தம் எங்கோ கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வெறுங்காலோடு கரும்புக் கொல்லையில் திரியும் பிள்ளை என்றால், குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம். பெருங்குடலில் சதைமுளை இருக்கலாம். அதில் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வரும். அரிதாக மெக்கெல் பை. கருவில் தொப்புளோடு சேர்ந்திருந்த குழாயின் மிச்சம், சிறுகுடலில் சின்னப் பையாகத் தங்கிவிடும். 100 பேரில் சுமார் 2 பேருக்கு உண்டு, பலருக்குத் தொல்லையே தராது. சிலருக்கு அதற்குள் இரைப்பைச் சவ்வு இருக்கும்; அது அமிலம் சுரந்து பக்கத்துக் குடலைப் புண்ணாக்கும். வலியே இல்லாமல் ரத்தம் போகும். வலி இல்லாததால்தான் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

மருத்துவர் மறுபடி டானிக் எழுதிக் கொடுத்தால், அதை நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். பால், டீயோடு கொடுக்காதீர்கள். பீட்ரூட் சாறு இன்றோடு போதும், ரத்தமா சாறா என்று தெரியாமல் போகிறது. மலத்தில் புழு முட்டையும் கண்ணுக்குத் தெரியாத மறை ரத்தமும் இருக்கிறதா என்று இந்த வாரமே சோதியுங்கள். அப்புறம் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். தேவைப்பட்டால் மெக்கெல் ஸ்கேன் எடுப்பார்கள்.

டானிக் குடித்தாலும் மலம் கருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். தார் போலப் பளபளத்து, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டி, நாற்றம் குடலைப் பிடுங்கினால் அது ரத்தம். அப்படியோ சிவப்பாகவோ போனால், அல்லது பிள்ளை வெளுத்துச் சோர்ந்து படுத்தால், நடுராத்திரி ஆனாலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போகும் முன் அந்த மலத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பார்க்கும் மருத்துவருக்கு அது பெரிய உதவி.